பழைய கிடார் பெடல்கள்: வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதுவரை சுத்தம் செய்வது?

பெரம்பூர்_ஸ்ட்ராட்

வணக்கம். பக்கத்துத் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. தாத்தா அந்தக் காலத்தில் டான்ஸ் பேண்டில் வாசித்தவர். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தபோது சிங்கப்பூரில் வாங்கி வந்த மூன்று பெடல்கள் (கிடார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் குட்டிப் பெட்டிகள்) இப்போது பரணிலிருந்து இறங்கியிருக்கின்றன. பாஸ் சிஇ-2 கோரஸ் (ஒரு கிடாரைப் பல கிடார் போல ஒலிக்க வைப்பது), எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 (சத்தத்தைச் சுழல வைப்பது), ஐபனெஸ் டிஎஸ்9 (சத்தத்தைக் கரடுமுரடாக்கும் ஓவர்டிரைவ்). மூன்றும் சேர்த்து ஒரே விலை என்கிறார்கள்.

நேற்று என் அடாப்டரையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கோரஸில் விளக்கு மங்கலாக எரிகிறது, சத்தமும் சோகையாக இருக்கிறது. ஃபேஸ் 90-இல் அடாப்டர் சொருக ஓட்டையே இல்லை. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. டிஎஸ்9 நன்றாகப் பாடுகிறது, ஆனால் லெவல் நாபைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். மூன்றின் மேலும் ஸ்டிக்கர் பசை, பிசுக்கு, பல்லி எச்சம்.

வாங்கலாமா? வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது, அதை அடித்தால் போதுமா?

சால்டர்_மணி

தம்பி, முதலில் அந்த டபிள்யூடி-40 டப்பாவை சைக்கிள் செயினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது பாட்டுக்குள் (பாட் என்றால் பொட்டென்ஷியோமீட்டர், நாபுக்குக் கீழே திரும்பும் பாகம்) போனால் எண்ணெய்ப் படலமாகத் தங்கி, பரண் தூசியையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். அதே பெயரில் கான்டாக்ட் கிளீனர் தனியாக வருகிறது, அது வேறு சரக்கு.

அடுத்து கோரஸ். அது கெட்டுப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். பெடலின் அடியில் ஏசிஏ அடாப்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய பாஸ் பெடல்கள் அந்த அடாப்டருக்காகச் செய்தவை. மேலே 9 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அது ரெகுலேட் ஆகாத அடாப்டர், நிஜத்தில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தரும். அதைக் குறைக்கப் பெடலுக்குள் ஒரு ரெசிஸ்டரும் டையோடும் வைத்திருப்பார்கள். பிற்பாடு வந்த பிஎஸ்ஏ வகை அடாப்டர் சரியாக 9 வோல்ட்தான் தரும். இன்று கடையில் கிடைப்பதும் அதே வகைதான். அதை இந்தப் பெடலில் சொருகினால் உள்ளே போவதற்குள் வோல்ட் விழுந்துவிடும். விளக்கு மங்கும், சத்தம் இளைக்கும்.

சோதனை சுலபம். புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பேட்டரி அந்த ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தால் பெடல் நலம். இன்னொரு வழியும் உண்டு. ஒரே அடாப்டரிலிருந்து டெய்ஸி செயின் கேபிளில் இதையும் ஒரு புது பாஸ் பெடலையும் சேர்த்து ஓட்டி, இரண்டையும் பேட்ச் கேபிளால் (ஒரு பெடலின் சத்தத்தை அடுத்ததற்குக் கொண்டுபோகும் குட்டி ஒயர்) இணையுங்கள். நெகட்டிவ் லைன் பேட்ச் கேபிள் வழியாகச் சுற்றிப் போய்விடுவதால் ரெசிஸ்டர் ஒதுங்கிவிடும், விளக்கு தானாகப் பிரகாசமாகும்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு 12 வோல்ட் அடாப்டரைக் கண்ட பெடலிலும் சொருகாதீர்கள். ஏசிஏ என்று எழுதியிருப்பதற்கு மட்டும்.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

அண்ணா, பேட்டரி போட்டேன். விளக்கு சும்மா ஜொலிக்கிறது, சத்தமும் இனிப்பு! ஒரு சங்கடம். கோரஸ் ரிப்பேர் என்று அவர்களாகவே நினைத்து ஏற்கெனவே விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டொராண்டோ_தம்பி

சொல்லிப்போட்டு வாங்குங்கோ. வயசான மனுசன், பக்கத்துத் தெரு. இணையத்தில் முகம் தெரியாத வியாபாரி என்றால் அது வேறு கணக்கு.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்காக இரண்டு விஷயம். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை என்று படியுங்கோ. 9 வோல்ட் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அது இல்லாமல் போனது என்பதை நான் நம்புவதில்லை. அடுத்தது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படம் கேளுங்கோ, இரண்டு பக்கமும். உட்புறப் படம் அனுப்ப மறுப்பவரிடம் நான் வாங்குவதே இல்லை.

படம் வந்தால் பாகங்களைப் பற்றவைத்த ஈயத்தை வடிவாகப் பாருங்கோ. 40 வருஷத்து ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். நடுவே இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் பளபளத்து, சுற்றிப் பழுப்பு ஃப்ளக்ஸ் (ஈயம் பற்றவைக்க உதவும் பசை) கறை இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கினம். சிஇ-2 என்றால் எம்என்3007 என்ற பக்கெட் பிரிகேட் ஐசி (சத்தத்தைச் சற்றுத் தாமதிக்கும் சில்லு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கோ. மட்சுஷிதா அதைச் செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் பெட்டியை விற்கிறவர்களும் உண்டு.

காலம் கணிக்க ஐசி மேல் நாலு இலக்கம் பாருங்கோ. 8215 என்றால் பெரும்பாலும் 1982, 15ஆம் வாரம். அமெரிக்கப் பெடல் என்றால் பாட்டின் முதுகில் எண் இருக்கும். 1377922 என்றால் 137 சிடிஎஸ் கம்பெனி, 79 வருஷம், 22 வாரம். அந்தத் தேதிக்கு முன் பெடல் செய்யப்படவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, பிறகு எப்போது பூட்டினார்கள் என்பதைச் சொல்லாது.

டிஎஸ்9-இல் கவனம். ஐபனெஸ் 90களில் அதையே மறுபடியும் வெளியிட்டது, பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். அடித்தகட்டில் ஐரோப்பிய சிஇ முத்திரை (கோரஸின் சிஇ இல்லை!) இருந்தால் அது 80களின் சரக்கு அல்ல, அந்த முத்திரையே 90களில்தான் வந்தது.

சால்டர்_மணி

தம்பி சொன்னது எல்லாம் சரி. இனி சுத்தம் செய்யும் கதைக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

தொடங்கும் முன் எல்லாக் கோணத்திலும் போன் கேமராவில் படம் எடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அறுந்த பிறகுதான் மறக்கும்.

ஃபேஸ் 90-இன் பச்சைதான் அவசரம். அந்தப் பேட்டரி எந்த வகை? 80களில் இங்கே புழங்கியது பெரும்பாலும் சாதா ஜிங்க் கார்பன். அதிலிருந்து கசிவது அமிலத் தன்மை, எனவே சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சுக் குச்சியால் தொட்டுத் துடையுங்கள். ஆல்கலைன் பேட்டரி என்றால் நேர்மாறு, கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதற்கு வினிகர், அல்லது எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு. எல்லாவற்றுக்கும் சோடாவைக் குழைத்துப் பூசச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எதற்கு எது என்று பார்க்காமல் பூசினால் பலன் இல்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். மெடிக்கலில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி ஸ்னாப்பை (பேட்டரியின் தலையில் மாட்டும் ஒயர் வைத்த மூடி) துடைத்தால் மட்டும் போதாது. கசிவு ஒயரின் உறைக்குள் ஏறியிருக்கும். கறுப்பு ஒயரின் நுனியைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு விழும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குள் ஒயர் தீர்ந்துவிட்டால் புது ஸ்னாப் போடுங்கள், பத்து இருபது ரூபாய் விஷயம். பழைய ஸ்னாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூடியின் உட்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பாஞ்ச் வெல்லப்பாகு மாதிரி ஆகியிருக்கும், போர்டு மேல் உருகி ஒட்டும். மரக் குச்சியால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். அது இருந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் போர்டின் முதுகு மூடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

வெளிப்பக்கம். ஸ்டிக்கர் பசைக்கு நீலகிரித் தைலம். பஞ்சில் தொட்டு வைத்து, ஊறியதும் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டுங்கள். முதலில் அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் ஏறி வருகிறதா பாருங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் கிட்டவே வரக்கூடாது. பெடல் மேல் இருக்கும் எழுத்து ஸ்க்ரீன் பிரிண்ட், ஒரே இழுப்பில் பெயர் போய்விடும். பெயர் போன டிஎஸ்9-ஐ யாரும் டிஎஸ்9 விலைக்கு வாங்க மாட்டார்கள்.

நாபை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பெயின்ட்டில் பிறை வடிவத்தில் பள்ளம் விழும். பழைய ஷூ லேஸை நாபின் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து நேராக மேலே இழுங்கள், வந்துவிடும். பக்கவாட்டில் குட்டி ஸ்க்ரூ இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். நாபைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடும்.

பாட்டுக்குக் கான்டாக்ட் கிளீனர். கால்கள் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும், அங்கே குழாயை வைத்து ஒரே ஒரு சொடுக்கு. பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிக்கொண்டே இருங்கள், கை வலிக்கும் வரை. நன்றாக உலராமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

உள்ளே ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குட்டி ட்ரிம்மர்கள் இருக்கும். 'சும்மா திருப்பிப் பார்த்தேன்' என்று என் மேசைக்கு வந்த பெடல்களுக்குக் கணக்கில்லை. திருப்பியே ஆக வேண்டும் என்றால் இப்போதிருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுத் தொடுங்கள்.

கிக்_கார்த்தி

மணி அண்ணா, எல்லாம் சரி, ஆனால் இது மியூசியமா? நான் வாரக் கடைசியில் கல்யாணக் கச்சேரி வாசிப்பவன். என் ஆலோசனை: டிஎஸ்9-இல் ஐசியை மாற்றி ஜேஆர்சி4558டி போடுங்கள், இரண்டு ரெசிஸ்டர் மாற்றினால் அதற்கு முந்தைய மாடலான டிஎஸ்808 ஆகிவிடும். ஃபேஸ் 90-க்கு ஒரு ஓட்டை போட்டு டிசி ஜாக் வையுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் அத்தனையும் புதுசு. ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச் (பெடலை அணைத்தால் சத்தம் உள்ளே நுழையாமல் நேராகப் போய்விடும்). அப்புறம் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. பெடல் மிதிக்கத்தானே?

சால்டர்_மணி

மிதிக்கத்தான் கார்த்தி. ஆனால் நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தால் மிதிப்பது பழைய பெட்டிக்குள் இருக்கும் புதுப் பெடலை. அதற்குப் புதுசே வாங்கிவிடலாமே, கடையில் இருக்கிறது.

808-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் கடைசிப் பகுதியில் இரண்டு ரெசிஸ்டர். 808-இல் 100 ஓம், 10 கிலோ ஓம். டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கிலோ ஓம். அவ்வளவுதான். அது ஆம்பின் பக்கம் போகும் அவுட்புட், அடுத்து என்ன சொருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறித் தெரியும். ஐசியும் அன்றைய டிஎஸ்9-களில் பலவிதம் வந்தது. ஜேஆர்சி2043டிடி வந்தது, தோஷிபாவின் டிஏ75558 வந்தது. கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று சொல்லச் சொன்னால் பாதிப் பேர் தோற்பார்கள். போதாததற்கு இன்று 4558டி என்று அச்சடித்து விற்பதில் போலி ஏராளம். அசலை எடுத்துவிட்டுப் போலி வைப்பதற்கு எதற்கு ஈயம் உருக்க வேண்டும்?

கப்பாசிட்டரிலும் அப்படியே. ஃபிலிம் கப்பாசிட்டருக்கு வயது ஒரு பொருட்டே இல்லை, விட்டுவிடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் காயும், உண்மை. ஆனால் மின்விநியோகத்தில் இருப்பது உப்பியிருக்கிறதா, இரைச்சல் வருகிறதா என்று பார்த்து அதை மட்டும் மாற்றினால் போதும். பழைய ஃபீனாலிக் போர்டில் செம்புத் தடம் மெல்லிய பசையில்தான் நிற்கிறது. அயர்னைக் கொஞ்ச நேரம் கூட வைத்தாலும் தடம் உரிந்து வரும். ஒவ்வொரு தேவையில்லாத மாற்றமும் ஒரு தடத்தை அபாயத்தில் வைக்கிறது.

டிசி ஜாக்குக்கு ஓட்டையே வேண்டாம். பேட்டரி ஸ்னாப்பில் மாட்டும் அடாப்டர் கேபிள் தனியாகக் கிடைக்கிறது. சொருகும் முன் மல்டிமீட்டரில் பிளஸ் மைனஸ் பாருங்கள். மூடியில் ஒயர் நசுங்காமல் வெளியே வர மட்டும் வழி செய்தால் போதும்.

ட்ரூ பைபாஸ் பற்றி இங்கே தொடங்கினால் இழை முடியாது. பாஸும் ஐபனெஸும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச். உள்ளே இருப்பது சின்ன மொமென்டரி (அழுத்தும்போது மட்டும் இணையும்) பட்டன், அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

கிக்_கார்த்தி

கடைசிப் பத்தியில் உடன்பாடில்லை, மற்றதை ஒப்புக்கொள்கிறேன். என் டிஎஸ்9 மாற்றியதுதான், நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் கழற்றிய பாகங்களை ஒரு ஜிப் கவரில் போட்டுப் பெடல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். விற்கும் அன்று வாங்குபவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

சால்டர்_மணி

அது நல்ல பழக்கம். எல்லோரும் அதைச் செய்தால் பாதிச் சண்டை இல்லை.

ஃபஸ்_பித்தன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் ஃபஸ் ஃபேஸ் (சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கும் பெடல்) இருக்கிறது. டிசம்பரில் தேன். மே மாதம் வாசித்தால் சத்தம் புட்டுப் புட்டென்று அறுந்து விழுகிறது. பாகம் மாற்ற வேண்டுமா?

சால்டர்_மணி

வேண்டாம், ஏசி அறைக்குப் போங்கள். ஜெர்மானியத்தின் லீக்கேஜ் (கசியும் மின்னோட்டம்) சூடு ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் அந்த வட்டப் பெட்டியைச் செய்தபோது சென்னைக் கத்திரி வெயிலை நினைத்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் பின்னால் சிலிக்கான் ட்ரான்சிஸ்டருக்கு மாறினார்கள். சத்தம் கொஞ்சம் கூர்மை, ஆனால் வெயிலுக்கு அஞ்சாது.

ஒன்று முக்கியம். பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்றப் பெடல்களில் நெகட்டிவ் இணையும் பெட்டியில் இதற்குப் பாசிட்டிவ் இணைந்திருக்கும். அதை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் அடாப்டர் ஷார்ட் ஆகும். அதற்கு மட்டும் பேட்டரி.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

அப்டேட். உண்மையைச் சொல்லித்தான் வாங்கினேன். பெரியவர் சிரித்துவிட்டு, குறைத்த விலையிலேயே கொடுத்தார், கூடவே 80களின் பட்டை ஒன்றும் தந்தார், கிடார் பட்டை.

ஃபேஸ் 90-இன் கறுப்பு ஒயர் பாதி வரை கறுத்திருந்தது, புது ஸ்னாப் போட்டாயிற்று. இப்போது உயிர் வந்துவிட்டது, ஆனால் ஃபேஸ் சுழலவில்லை, சத்தம் அப்படியே தட்டையாக வருகிறது. கோரஸ் கழுவிக் காய்ந்துவிட்டது. டிஎஸ்9-இல் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திருப்பினேன். ஒரு நாள் சரியாக இருந்தது, மறுநாள் லெவல் நாபில் அதே கரகர.

சால்டர்_மணி

ஃபேஸ் 90-க்குள் நான்கு எஃப்இடி ட்ரான்சிஸ்டர்கள் ஜோடி பார்த்துப் போட்டிருப்பார்கள். அவற்றின் பயஸை (வேலை செய்யத் தேவையான வோல்ட் நிலையை) வைப்பது ஒற்றை ட்ரிம்மர். பரணில் கிடந்ததில் அது நகர்ந்திருக்கும், அல்லது அழுக்கேறியிருக்கும். பேனாவால் குறித்துவிட்டு, கிடாரில் ஒரு கார்டை அடித்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் சட்டென்று சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சி ஆழமாக இருக்கும் புள்ளியில் விடுங்கள். ட்ரிம்மர் சரியாக இல்லாததால் மட்டும் 'செத்த ஃபேசர்' என்று விற்கப்படுபவை நிறைய. எனக்கு வருமானமே அதில்தான்.

ஃபேஸ் 90-இன் மேல் பெயர் எழுத்து எப்படி இருக்கிறது, கையெழுத்துப் போலச் சாய்ந்தா, கட்டம் கட்டமாகவா?

டிஎஸ்9-இல் கிளீனர் அடித்தும் கரகர திரும்பினால் பாட் குற்றவாளி இல்லை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து லெவல் பாட்டின் காலில் தொடுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கணிசமாக வோல்ட் காட்டினால் அதற்கு முன்னால் இருக்கும் கப்பாசிட்டர் கசிகிறது, பாட் வழியாக டிசி ஓடுகிறது. எத்தனை டப்பா அடித்தாலும் போகாது. அந்த ஒரு கப்பாசிட்டரை மட்டும் அதே மதிப்பில் மாற்றுங்கள்.

பெரம்பூர்_ஸ்ட்ராட்

கட்டம் கட்டமான எழுத்து. மீட்டரில் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது அண்ணா. கப்பாசிட்டர் மாற்றியாயிற்று, நாப் இப்போது வெண்ணெய். பழையதை ஜிப் கவரில் போட்டுவிட்டேன், கார்த்தி அண்ணாவுக்கு நன்றி. ஃபேசரும் சுழல்கிறது!

டொராண்டோ_தம்பி

கட்ட எழுத்து என்றால் 1977-க்குப் பிறகு வந்தது. முந்தைய சாய்ந்த எழுத்து மாடலை விட இதில் ஃபீட்பேக் ரெசிஸ்டர் ஒன்று கூடுதல், அதனால் சத்தம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆர்28-ஐ வெட்டிவிடுங்கோ, பழைய மாடல் ஆகிவிடும் என்று யாராவது சொல்ல வருவினம். வெட்டவே வேண்டுமென்றால் ஒரு காலை மட்டும் ஈயம் உருக்கித் தூக்கி விடுங்கோ, திரும்ப வைக்கலாம்.

எனக்கும் ஒரு கேள்வி. நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் ஒரு பழைய எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் டீலக்ஸ் மெமரி மேன் (எக்கோ பெடல்) கொண்டு வருகிறார். யாழ்ப்பாணத்தில் அப்பா வீட்டில் வைத்து வாசிக்கப் போகிறேன். அதில் சுவரில் சொருகும் ஒயர் பெடலிலிருந்தே வருகிறது. அப்படியே சொருகலாமா?

சால்டர்_மணி

அந்த ஒயரை அங்கே நேராகச் சுவரில் சொருகிவிடாதீர்கள்! அது அமெரிக்க 120 வோல்ட், இலங்கையில் 230. உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும், கூடவே மற்றதையும் இழுத்துப் போகும். பாஸ் சிஇ-1-உம் இப்படித்தான், சுவர் மின்சாரத்தில் ஓடுவது. ஜப்பானில் வாங்கியது என்றால் 100 வோல்ட். வாங்கும் முன் அடித்தகட்டில் வோல்ட் பார்க்க வேண்டிய வகை இது.

230-இலிருந்து 110-க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். ஹேர் டிரையருக்கென்று விற்கும் எடையில்லாத கன்வெர்ட்டர் வேண்டாம், கையில் கனமாக இருக்கும் செம்புச் சுருள் வகை. பெடலுக்குச் சொற்ப வாட்தான், இருப்பதிலேயே சின்னது போதும். திறந்து பார்க்கும் ஆசை வந்தால் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத் திறங்கள், இது 9 வோல்ட் விளையாட்டு இல்லை.

டொராண்டோ_தம்பி

சரி அண்ணா. ட்ரான்ஸ்ஃபார்மர் இங்கேயிருந்து தூக்கிக்கொண்டு போகவா, அங்கே கிடைக்குமா?

சால்டர்_மணி

அங்கேயே கேளுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து கொண்டுபோன மிக்ஸிக்காகப் பல வீட்டில் ஒன்று சும்மா கிடக்கும்.